பச்சை விழுந்தும் வண்டி ஏன் நகரவில்லை?

கேள்வி: தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு நாற்சந்தியை ஒட்டிக் குடியிருக்கிறோம். காலை எட்டரை மணிக்கு மேல் அந்தச் சிக்னலைத் தாண்ட மூன்று, நான்கு முறை பச்சை விழ வேண்டும். ஒரு சுற்று 120 விநாடியாக இருந்ததை 200 ஆக்கினார்கள். ஒரு மாற்றமும் இல்லை. நிறுத்தக் கோட்டில் எங்கள் பக்கம் 7 மீட்டர் அகலம், டேப் வைத்தே அளந்தோம். ஓரத்தில் கார், குட்டியானை நிற்கும். கோட்டை ஒட்டியே பஸ் நிறுத்தம். தாண்டியதும் ஷேர் ஆட்டோக்கள். குடியிருப்போர் சங்கத்தில் மேம்பாலம் கேட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். சாலையை அகலமாக்கச் சொல்லலாம் என்கிறார்கள் சிலர், தள்ளுவண்டிக் கடைகளை எடுக்கச் சொல்லலாம் என்கிறார்கள் சிலர். எதைக் கேட்பது சரி?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மேம்பாலக் கையெழுத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். "7 மீட்டர் அகலம், ஓரத்தில் கார் நிற்கும்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, சிக்கலின் பெரும்பகுதி அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

பச்சை எரியும்போது ஒரு சாலையிலிருந்து எவ்வளவு வண்டி வெளியேறும் என்பதற்கு நம் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது. அகலத்தை மீட்டரில் எடுத்து 525-ஆல் பெருக்குங்கள். 7 மீட்டருக்கு 3,675 வரும். ஒரு மணி நேரமும் பச்சையே எரிந்தால் அத்தனை 'கார் அலகு' வெளியேறும் என்று பொருள். ஐந்தரை மீட்டருக்குக் குறைந்த அகலத்துக்கு இந்தப் பெருக்கல் செல்லாது, அதற்குத் தனி அட்டவணை உண்டு. அதில் 5 மீட்டருக்கு 2,550. ஓரத்தில் ஒரு கார் நின்றால் 2 மீட்டர் போகிறது. 3,675 இருந்த இடத்தில் 2,550 ஆகிவிடுகிறது. நூற்றுக்கு முப்பது பங்கு சாலை, ஒரு காரை நிறுத்தியதில் காணாமல் போகிறது. சென்னையில் நிலத்தைக் கையகப்படுத்தி 2 மீட்டர் அகலப்படுத்த எத்தனை ஆண்டு ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். அதே 2 மீட்டரைத்தான் தினமும் காலையில் இலவசமாகக் கொடுத்துவிடுகிறோம்.

கார் அலகு என்பது எல்லா வண்டியையும் ஒரே தராசில் நிறுக்கும் முறை. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-ல் நகரச் சாலைகளுக்கு வெளியிட்ட மதிப்புகளின்படி கார் 1. அந்தந்த வண்டி அதிகமுள்ள இடத்தில் பைக்குக்கு 0.75, ஆட்டோவுக்கு 2, குட்டியானை மாதிரிச் சிறு சரக்கு வண்டிக்கு 2. பஸ்ஸுக்கும் லாரிக்கும் 2.2 முதல் 3.7 வரை, கூட்டத்தில் அவற்றின் பங்கைப் பொறுத்து. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி அந்த 200 விநாடிக்கு வருகிறேன். சிக்னல் ஒவ்வொரு முறை மாறும்போதும் ஏறக்குறைய 4 விநாடி வீணாகும். மஞ்சளில் தயங்குவது, பச்சை விழுந்ததும் கியர் போட்டுக் கிளம்புவது எல்லாம் அதில் அடக்கம். நான்கு பக்கமும் தனித்தனியாகத் திறக்கும் நாற்சந்தியில் ஒரு சுற்றுக்கு 16 விநாடி வீண். 120 விநாடிச் சுற்றில் உருப்படியாகக் கிடைப்பது 104, அதாவது 87 சதவீதம். 200 விநாடிச் சுற்றில் 184, அதாவது 92 சதவீதம். ஆக, சுற்றை 80 விநாடி நீட்டியும் கூடுதலாகக் கிடைப்பது 5 சதவீதம். ஓரத்துக் கார் தின்பது 30.

இன்னொரு வகையிலும் போட்டுப் பார்க்கலாம். பிரிட்டனில் வெப்ஸ்டர் என்ற போக்குவரத்து ஆய்வாளர் 1958-ல் வகுத்த சூத்திரம்தான் இன்றும் இங்கே சிக்னல் நேரம் கணிக்க அடிப்படை. வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி 5 கூட்ட வேண்டும். நான்கு பக்கங்களின் நெருக்கடி விகிதத்தைக் கூட்டி ஒன்றிலிருந்து கழித்து, வரும் எண்ணால் வகுக்க வேண்டும். நெருக்கடி விகிதம் என்பது வரும் வண்டியை வெளியேறக்கூடிய வண்டியால் வகுப்பது. எடுத்துக்காட்டாக, நான்கு பக்கமும் மணிக்கு 735 அலகு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 7 மீட்டரும் கிடைத்தால் ஒரு பக்கத்துக்கு 0.20, நான்குக்கும் 0.80. 29-ஐ 0.20-ஆல் வகுத்தால் 145 விநாடிச் சுற்றில் சமாளிக்கலாம். அதே வண்டிகள், அதே சாலை, நான்கு பக்கமும் ஓரத்தில் கார் நிற்கிறது என்றால் ஒரு பக்கத்துக்கு 0.29, நான்குக்கும் சேர்த்து 1.15. ஒன்றைத் தாண்டிவிட்டது. இதற்கு 200 விநாடியும் போதாது, 2,000 விநாடியும் போதாது. எந்தச் சுற்று நேரத்தாலும் தீர்க்க முடியாத நெரிசல் அது.

நேரத்தைக் கூட்டியதால் பலன் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. நிறுத்தக் கோட்டுக்குப் பின்னால் 30 மீட்டர் வரை மட்டும் ஓரம் காலியாக இருக்கிறது என்று கொள்ளுங்கள். பச்சை விழுந்த முதல் பத்து விநாடியில் அந்த 30 மீட்டரில் நிற்பவர்கள் முழு அகலத்திலும் பாய்வார்கள். அதற்குப் பின்னால் உள்ளவர்கள் 5 மீட்டர் வாய்க்குள் நுழைந்துதான் வர வேண்டும். பச்சையை நீட்ட நீட்ட, மெலிந்த ஓட்டத்துக்குத்தான் நேரம் தருகிறோம். இதற்கு ஒரு சுலபமான கணக்கு சொல்கிறேன். 7 மீட்டரில் இரண்டு வரிசையாக வண்டி போனால், பச்சை எரியும் விநாடியை 3-ஆல் பெருக்குங்கள். அத்தனை மீட்டருக்கு ஓரம் காலியாக இருக்க வேண்டும். 120 விநாடிச் சுற்றில் உங்கள் பக்கத்துக்குச் சமபங்காக 26 விநாடி பச்சை என்றால் 78 மீட்டர் போதும். 200 விநாடிச் சுற்றில் 46 விநாடி பச்சை, 138 மீட்டர் காலியாக வேண்டும். நேரத்தைக் கூட்டியவர்கள் ஓரத்தைக் காலி செய்யவில்லை. சிக்னல் பழையபடி 120-க்குத் திரும்புவதே உங்களுக்கு நல்லது. சிவப்பில் நிற்கும் நேரமாவது குறையும்.

ஆனால் உங்கள் சந்திப்பில் அடைப்பு கோட்டுக்குப் பின்னால் இருக்கிறதா, கோட்டைத் தாண்டி முன்னால் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். பச்சை விழுந்து 10 விநாடி விட்டுவிடுங்கள். 10-லிருந்து 30-வது விநாடி வரை கோட்டைத் தாண்டும் அலகுகளை எண்ணுங்கள் (பச்சை 30 விநாடியாவது எரியும் நேரத்தில்). 7 மீட்டருக்கு விநாடிக்கு ஒன்று என்று 20 அலகு தாண்டியிருக்க வேண்டும். பத்துச் சுற்று எண்ணிச் சராசரி எடுங்கள். 13, 14-தான் வருகிறது என்றால் எங்கோ அடைப்பு. வண்டிகள் இடைவெளி விட்டு விட்டு வந்து கோட்டைத் தாண்டினால் அடைப்பு பின்னால், நிறுத்தி வைத்த வண்டியாலோ கோட்டருகே நிற்கும் பஸ்ஸாலோ. வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி, சந்திப்பின் நடுவில் போய் நின்றால் அடைப்பு முன்னால். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இரண்டும் இருக்கும் போலிருக்கிறது.

முன்னால் உள்ள அடைப்பு இன்னும் மோசமானது. அது ஒரு பக்கத்தோடு நிற்காது. நடுவில் சிக்கிய வண்டி அடுத்த பக்கத்தின் பச்சையையும் தின்றுவிடும். ஷேர் ஆட்டோக்கள் அங்கே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. நான்கு பக்கத்திலிருந்தும் நடந்து வருகிறவர்களுக்கு அதுதான் கூடுமிடம். விரட்டினால் பத்து நிமிடத்தில் திரும்பி வருவார்கள், வரத்தான் செய்வார்கள். வேலைக்குப் போகிற பெண்கள், காசிமேட்டிலிருந்து கூடையோடு வருகிறவர்கள் என்று அவர்களை நம்பியிருக்கும் கூட்டம் பெரியது. சந்திப்பைத் தாண்டி 40 மீட்டரில், பிளாட்பாரத்தை ஒட்டி, நான்கு வண்டி நிற்க ஏறக்குறைய 20 மீட்டர் நீளத்துக்குக் கோடு போட்டுப் பலகை வைத்துக் கொடுங்கள். ஐந்தாவது வண்டி வந்தால் முதல் வண்டி கிளம்ப வேண்டும். பயணிகள் நடக்கும் தூரம் ஒரு நிமிடத்துக்குள்தான் என்பதால் ஏற்றுக்கொள்வார்கள். 150 மீட்டருக்குத் தள்ளினால் ஏற்க மாட்டார்கள், ஏற்பாடு ஒரே வாரத்தில் குலைந்துவிடும்.

பஸ் நிறுத்தமும் சந்திப்பைத் தாண்டியே போக வேண்டும், ஷேர் ஆட்டோ இடத்துக்கும் அப்பால், 60 முதல் 75 மீட்டரில். கோட்டருகே 20 விநாடி நிற்கும் பஸ், 120 விநாடிச் சுற்றின் 26 விநாடிப் பச்சையில் ஒரு வரிசையை முழுக்க மூடிவிடுகிறது. தாண்டிய உடனே 15 மீட்டரில் வைத்தாலும் ஆகாது. அடுத்தடுத்து மூன்று பஸ் வந்தால் ஒவ்வொன்றும் 12 மீட்டர், இடைவெளியோடு 40 மீட்டர், மூன்றாவது பஸ்ஸின் வால் சந்திப்பில் நிற்கும். பஸ்ஸைத் தொந்தரவாக நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 60 பேர் பஸ்ஸில் போனால் மிஞ்சிப் போனால் 3.7 அலகு. அதே 60 பேர் பைக்குக்கு ஒன்றரைப் பேர் வீதம் போனால் 40 பைக், 30 அலகு. பஸ் ஒழுங்காக நின்று எடுக்க இடம் கொடுப்பது மற்றவர்களுக்கும் லாபம்.

தள்ளுவண்டிக் கடைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களில் இருந்து தொடங்காதீர்கள். ஒரு தள்ளுவண்டி ஏறக்குறைய ஒரு மீட்டரை அடைக்கும், நிறுத்தி வைத்த கார் இரண்டு மீட்டரை. மேலும் 2014-ம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களை இஷ்டத்துக்கு அகற்ற முடியாது, நகர விற்பனைக் குழு வழியாக மாற்று இடம் காட்ட வேண்டும். நடைபாதையில் 1.8 மீட்டர் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்பது நெறி. அதை அடைப்பது பெரும்பாலும் இபி பெட்டி, விளம்பரப் பலகை, கடைக்காரர் போட்ட படிக்கட்டு, சரக்கு மூட்டை. பிளாட்பாரம் அடைபட்டால் ஜனங்கள் இறங்கிச் சாலையில் நடப்பார்கள், அவர்களுக்கு வேறு வழி இல்லை. அதில் ஒரு மீட்டர் போனால் 525 அலகு போச்சு. கடைக்கு வரும் வாடிக்கையாளரைப் பற்றி வியாபாரிகள் கவலைப்படுவது நியாயம். ஒரு கார் அடைக்கும் 5 மீட்டர் நீளத்தில், பக்கத்துச் சந்தில் பைக்குகளைக் குறுக்காக நிறுத்தினால் ஐந்தாறு நிற்கும். ஐந்தாறு வாடிக்கையாளர்! இதைச் சொன்னால் கேட்பார்கள்.

துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் உங்கள் சந்திப்பில் திரும்புகிறதா என்று எழுதவில்லை. திரும்பினால் முனைகளைத் தனியாகக் கவனியுங்கள். 40 அடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர், முன்பகுதியோடு சேர்த்து ஏறக்குறைய 16 மீட்டர். இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். முனையில் நிற்கும் ஒரே ஒரு பைக், அந்த டிரெய்லரை நடுச்சாலையில் நிறுத்திவிடும். முனையிலிருந்து இரு பக்கமும் 15 மீட்டருக்கு எதுவும் நிற்கக் கூடாது. காலை நெரிசல் நேரத்தில் கனரக வண்டிகளைத் தடுக்க 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-வது பிரிவு அதிகாரம் தருகிறது. எத்தனை மணிக்கு எத்தனை டிரெய்லர் வந்தது என்ற குறிப்போடு கேட்டால்தான் அந்தக் கோரிக்கை நிற்கும்.

  

மேம்பாலம் ஏன் வேண்டாம் என்கிறேன்? அடியில் 5.5 மீட்டர் உயரம் விட வேண்டும், தளத்தின் கனமும் சேர்ந்தால் சாலைக்கு மேல் 7 மீட்டர். முப்பதுக்கு ஒன்று என்ற சரிவில் ஏற 210 மீட்டர், இறங்க 210 மீட்டர். அந்த நீளம் முழுக்க இரண்டு வழிப் பாலமே எட்டரை மீட்டரை எடுத்துக்கொள்ளும். இரு திசைக்கும் சேர்த்து உங்கள் சாலை 14, 15 மீட்டர்தான் என்றால், பாலத்தின் இரு புறமும் மிச்சம் 3 மீட்டர் சந்து. பஸ், ஷேர் ஆட்டோ, கடைக்கு வருகிறவர், திரும்புகிறவர் எல்லாரும் அந்த 3 மீட்டரில். நேராகப் போகிறவர் மட்டும் பாலத்தில் ஏறி அடுத்த சிக்னலில் போய் நிற்பார். கட்டி முடியும்வரை உள்ள சில ஆண்டுகளை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

வண்டிகள் பெருகியது உண்மைதான், அதை மறுக்கவில்லை. 1951-ல் நாடு முழுக்கப் பதிவான மோட்டார் வாகனங்கள் 3 லட்சம் அளவுதான், 2020-ல் 32 கோடியைத் தாண்டின. நான்கில் மூன்று பங்கு இரு சக்கர வாகனம். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல். ஆனால் நெரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் விளிம்பில் வழியும் கடைசிக் கொஞ்சம்தான். ஒரு பக்கத்தில் மணிக்குப் போகக்கூடியதைவிட 200 அலகு அதிகம் வந்தால், ஒரு மணி நேரத்தில் இரண்டு வரிசையாக 600 மீட்டர் நிற்கும். அந்த 200 குறைந்தால் வரிசையே சேராது. மே மாதப் பள்ளி விடுமுறையில் வண்டி கொஞ்சம்தான் குறைகிறது, சாலையோ காலியானது போல் தெரிகிறதே, அது இதனால்தான்.

ஆகவே முதலில் எண்ணுங்கள். ஒரு பக்கத்துக்கு இருவர், மொத்தம் எட்டுப் பேர். செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாள், காலை 8 முதல் 10 வரை, 15 நிமிடத்துக்கு ஒரு கட்டமாக. மழை நாள், முகூர்த்த நாள் வேண்டாம். மழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி ஒரு வழி மூடினாலே வண்டிகள் எங்கெங்கோ சுற்றும், எண்ணிக்கை தப்பாகும். தாளில் பைக், ஆட்டோ, ஷேர் ஆட்டோ, கார், குட்டியானை, பஸ், லாரி, டிரெய்லர், சைக்கிள், மீன்பாடி வண்டி என்று தனித்தனிக் கட்டம். நேர், இடம், வலம் பிரித்து எழுதுங்கள். எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: கோட்டைத் தாண்டுவதை மட்டும் எண்ணுவது. அது போக முடிந்த வண்டி, வந்த வண்டி அல்ல. இரண்டாமவர் வரிசையின் வாலுக்கும் பின்னால் நின்று, வந்து சேர்வதை எண்ண வேண்டும். ஒவ்வொரு பச்சை முடிந்ததும் மிச்சம் நிற்கும் வரிசை எந்தக் கடை வரை நீள்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரத்தில் வந்த அலகை 3,675-ஆல் வகுத்து நான்கு பக்கமும் கூட்டினால் 0.80 அல்லது அதற்குக் கீழே வருகிறதா, ஓரத்தைக் காலி செய்வதே போதும். 0.90-ஐத் தாண்டினால் போதாது. அப்போது வலது பக்கம் திரும்புவதை ஒரு சாலையில் நிறுத்தி, அதன் எதிரெதிர் பக்கங்களை ஒன்றாகத் திறந்து, சிக்னலின் நான்கு கட்டத்தை மூன்றாக்கக் கேட்கலாம். 120 விநாடிச் சுற்றில் வீண் 12 ஆகக் குறைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 26-க்குப் பதில் 36 விநாடி கிடைக்கும். வலம் போக வேண்டியவர் தாண்டிப் போய் யு-டர்ன் எடுப்பார். பைக், ஆட்டோ, காருக்கு இது சரி. பஸ்ஸும் டிரெய்லரும் உங்கள் சாலை அகலத்தில் ஒரே வீச்சில் திரும்ப முடியாது. அவற்றின் வழித்தடத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்க வேண்டும்.

யாரிடம் போவது? சிக்னல் நேரம், நிறுத்தத் தடை, கனரக வண்டி நேரம் எல்லாம் போக்குவரத்துக் காவல். கோடு, பலகை, பிளாட்பாரம் மாநகராட்சியின் மண்டல அலுவலகம், சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் அவர்கள். பஸ் நிறுத்தம் மாநகர் போக்குவரத்துக் கழகம். இபி பெட்டி மின்வாரியம். தனித்தனியாக மனு கொடுத்தால் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள். ஒரே மனு, நால்வருக்கும் நகல், வார்டு உறுப்பினரையும் வைத்துக்கொண்டு ஒரு கூட்டு ஆய்வு கேளுங்கள். இப்போதைய சிக்னல் நேர அட்டவணையும், கடைசியாக வண்டி எண்ணிய தேதியும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். இதை மனுவுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

நிரந்தரமாக மாற்றச் சொன்னால் தயங்குவார்கள். நான்கு வாரச் சோதனை கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு 78 மீட்டர், 3 மீட்டருக்கு ஒரு கூம்பு என்றால் 27 கூம்பு. சுற்று 120 விநாடி. பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் புதிய இடத்தில். முதல் வாரம் குழப்பமாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு கட்ட விடாதீர்கள். பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். நிறுத்தும் வண்டிகள் கூம்பு இல்லாத மறுபக்கத்துக்கு, சந்திப்பைத் தாண்டிய ஓரத்துக்கு மாறும். அங்கும் 40 மீட்டர் கூம்பு வையுங்கள். மூன்றாம் நாள் கூம்புகள் ஒவ்வொன்றாகப் பிளாட்பாரத்தில் ஏறிவிடும். காலை ஏழரைக்கு யார் பார்ப்பது என்று சங்கத்தில் முறை போட்டுக்கொள்ளுங்கள், காவலர் ஒன்பது மணிக்கு வந்து பிரயோஜனம் இல்லை. மூன்றாவது வாரத்தில், முன்பு எண்ணிய அதே கிழமை, அதே நேரம், அதே ஆட்களை வைத்து மறுபடி எண்ணுங்கள். இரண்டு தாளையும் எனக்கு அனுப்பினால் அடுத்து எந்தக் கட்டத்தைத் தொடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.